சிவகாசிப் பட்டாசுத் தொழிலில் மென்திறன்கள்

மென்திறன்கள் என்பவை ஒருவர் தமக்குத் தெரிந்த தொழிலைப் பிறரோடு சேர்ந்து செய்ய உதவும் திறன்களைக் குறிக்கும். தெளிவாகப் பேசுதல், பிறர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டல், குழுவாக வேலை செய்தல், பூசலைத் தீர்த்தல், நெருக்கடியில் பதறாதிருத்தல் போன்றவை இதில் அடங்கும். கல்லூரிகளிலும் வேலைவாய்ப்பு முகாம்களிலும் இச்சொல் பெரும்பாலும் நேர்முகத் தேர்வுக்கான தயாரிப்பு என்ற பொருளிலேயே வழங்குகிறது. விருதுநகர் மாவட்டத்தின் பட்டாசுத் தொழிலில் இத்திறன்களுக்கு இன்னொரு பயன் உண்டு. ஒரு தொழிலாளி கண்ட கோளாறு உரிய நேரத்தில் உரியவரின் காதுக்குப் போய்ச் சேர்கிறதா, சேர்ந்தபின் அவர் அதற்குச் செவிசாய்க்கிறாரா என்பதைப் பொறுத்தே அங்கே சில நாட்களில் உயிர்கள் நிற்கின்றன.

சொல்லின் தோற்றம்

'மென்திறன்' என்பது அண்மைக்காலத் தமிழாக்கம். அதன் மூலச்சொல் அமெரிக்கத் தரைப்படையின் பயிற்சித் துறையில் பிறந்தது. பீரங்கி, வண்டி, துப்பாக்கி போன்ற கருவிகளைக் கையாளும் வேலைகளுக்குப் படிப்படியான பயிற்சி வகுப்பது எளிது. ஆட்களை நடத்துவது, மேற்பார்வை செய்வது, தகவலைக் கைமாற்றுவது போன்ற வேலைகளுக்கு அப்படி வகுப்பது கடினம் என்பதைப் படையின் பயிற்சி ஆய்வாளர்கள் 1960-களின் இறுதியில் கண்டனர். 1972 டிசம்பரில் டெக்சாஸ் மாநிலத்தின் போர்ட் பிளிஸ் முகாமில் இதற்கென்றே ஒரு கருத்தரங்கு நடந்தது. எந்திரங்களோடு அதிகம் தொடர்பில்லாத, மனிதர்களோடும் தாள்களோடும் தொடர்புடைய வேலைத் திறன்களை எப்படி வரையறுப்பது என்று பால் விட்மோர் போன்ற ஆய்வாளர்கள் அங்கே விவாதித்தனர். இரும்பைத் தொடும் வேலை வன்மையானது, மனிதரைத் தொடும் வேலை மென்மையானது என்ற பாகுபாடு அப்படித்தான் வந்தது. படைத்துறையில் பிறந்த சொல் பின்னாளில் அலுவலகங்களுக்குப் போய், இனிமையாகப் பேசுவது, கழுத்துப்பட்டை அணிவது என்று சுருங்கியது ஒரு வேடிக்கை.

தொழில் வட்டாரம்

விருதுநகர் மாவட்டம் 1985-இல் பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. மழை குறைந்த, வெயில் மிகுந்த, பெரும்பகுதி மானாவாரி நிலமான இப்பகுதியில் வேளாண்மையை மட்டும் நம்பிப் பிழைப்பது என்றுமே கடினம். 1922-இல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுத் திரும்பினர். பட்டாசுத் தொழில் 1940-களில் வேரூன்றியது. வெடிபொருள் விதிகள் 1940-இல் வந்து, உரிமம் பெற்றுத்தான் பட்டாசு செய்யவேண்டும் என்ற முறை நிலைபெற்ற காலம் அது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வண்ண லேபிள்கள் தேவைப்பட்டதால் அச்சுத் தொழிலும் கூடவே வளர்ந்தது. தெரியாத ஊரில், தெரியாத மொழிக்காரரிடம், கைகட்டி நின்று கேட்டுக் கற்றுக்கொண்டு வந்த இருவரிடமிருந்து இந்த மூன்று தொழில்களும் தொடங்கின என்பதைச் சிவகாசிக்காரர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள்.

இன்று சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் வட்டங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டாசு ஆலைகள் உள்ளன. இந்தியாவில் வெடிக்கப்படும் பட்டாசின் பெரும்பகுதி இங்கிருந்துதான் போகிறது. ஆலைகளை அவை பெற்ற உரிமத்தை வைத்தே ஊரில் அடையாளம் சொல்வது வழக்கம். மத்திய அரசின் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் தலைமையகம் நாக்பூரில் இருப்பதால் பெரிய ஆலைகள் 'நாக்பூர் உரிமம்' உள்ளவை. அடுத்த நிலையில் 'சென்னை உரிமம்'. சிறியவை மாவட்ட வருவாய் அலுவலரிடம் பெற்ற 'டி.ஆர்.ஓ. உரிமம்' உள்ளவை.

அதிகாலையில் கிராமங்களுக்கு வேன்கள் வந்து ஆட்களை ஏற்றிச் செல்லும். ஆலை என்றதும் நகரத்தார் நினைக்கும் பெரிய கூடம் இங்கே இருக்காது. பொட்டல் காட்டில் ஒன்றுக்கொன்று இடைவெளிவிட்டுக் கட்டிய சிறுசிறு அறைகளே ஆலை. ஓர் அறையில் தீப்பற்றினால் அடுத்த அறைக்குத் தாவக்கூடாது, உள்ளே இருப்பவர் எந்தப் பக்கமும் ஓடித் தப்ப வழியிருக்கவேண்டும் என்பதற்காக இந்த அமைப்பு. மருந்து செலுத்தும் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக்கூடாது. நுழையுமுன் உடலில் உள்ள நிலைமின்சாரம் இறங்குவதற்காகச் செம்புத் தகட்டைத் தொடவேண்டும். பருத்தி உடைதான் உடுத்தவேண்டும். இரும்புக் கருவி ஆகாது. கலந்த மருந்தை அன்றன்றே தீர்க்கவேண்டும், மறுநாளைக்கு வைக்கக்கூடாது. இவையெல்லாம் எழுதப்பட்ட விதிகள். தொழிலில் உள்ள எல்லோருக்கும் இவை தெரியும்.

தெரிந்தும் விபத்துகள் நடக்கின்றன. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் குறைந்தது 38 பேர் இறந்தனர். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சிறிய விபத்துகள் ஆண்டுதோறும் உண்டு. மறுநாள் நாளிதழில் பெரும்பாலும் ஒரே வாக்கியம் வரும்: மருந்துக் கலவையில் ஏற்பட்ட உராய்வு காரணமாகத் தீப்பற்றியது. வேதியியலாக அது சரிதான். ஆனால் உராய்வு ஏற்படும் நிலைக்கு அந்த அறை எப்படி வந்தது என்பதை அது சொல்வதில்லை. அதற்கு முந்தைய சில மணி நேரத்தில் யார் எதைப் பார்த்தார்கள், யாரிடம் சொன்னார்கள், சொல்லாமல் விட்டார்கள் என்பது செய்தியில் இடம்பெறுவது அரிது.

எச்சரிக்கை சொல்லுதல்

பட்டாசு மருந்தின் ஆபத்துகளில் பல முன்கூட்டியே அடையாளம் காட்டுபவை. அலுமினியப் பொடியும் நைட்ரேட் உப்பும் கந்தகமும் கலந்த கலவையில் ஈரம் சேர்ந்தால் மெல்ல வினை தொடங்கும்; வெப்பம் உண்டாகும்; வெப்பம் வெளியேற வழியில்லாமல் குவியலின் நடுவில் ஏறிக்கொண்டே போகும். முன்தினம் மாலை மழை பெய்து, மீதி மருந்து அறையிலேயே தங்கிவிட்டால், மறுநாள் காலை கதவைத் திறப்பவர் ஒரு வித்தியாசமான நெடியையோ, தட்டில் வழக்கத்துக்கு மாறான சூட்டையோ உணரக்கூடும். பல ஆண்டு அனுபவமுள்ள கை அதை உடனே அறியும். அந்த அறிவு தொழில் நுட்பத்தைச் சேர்ந்தது. அடுத்து என்ன நடக்கிறது என்பது மென்திறனைச் சேர்ந்தது.

அந்தத் தொழிலாளிக்கு முன்னே பல தடைகள் இருக்கின்றன. வேலையை நிறுத்தினால் அன்றைய கூலி குறையும். மற்ற மூவரின் கூலியும் குறையும். போர்மேன் தூரத்தில் வேறோர் அறையில் இருப்பார். போய்ச் சொல்லி, அவர் வந்து பார்த்து, ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டால் கேலிப்பேச்சு. இன்னொரு முறை சொல்ல நா எழாது. இத்தனையும் ஒரு நொடியில் மனத்தில் ஓடி, 'நமக்கெதுக்கு' என்று முடிவதுதான் வழக்கமான பாதை.

இங்கே பேசும் முறைக்கும் பங்குண்டு. விருதுநகர் வட்டாரத்தில் மரியாதை என்பது பேச்சின் ஒவ்வொரு சொல்லிலும் இருக்கும். முதலாளியை 'அண்ணாச்சி' என்பார்கள், 'முதலாளி' என்பார்கள். மேற்பார்வையாளர் 'அண்ணே'. வயதில் மூத்த பெண் 'அக்கா'. இந்த உறவுச்சொற்கள் வேலையிடத்தின் கடுமையைத் தணிப்பவை. வணிகத்தில் பெரிய பலம். அதே சொற்கள், மூத்தவரின் பிழையைச் சுட்டுவதைக் கடினமாக்கவும் செய்யும். 'நீங்க வச்ச மருந்து தப்பு' என்று ஓர் இளைஞர் தம் அண்ணனிடம் சொல்வதில்லை.

எனவே வெளியூர்ப் பயிற்சியாளர் வந்து 'துணிந்து பேசுங்கள்' என்று சொல்லிவிட்டுப் போவதால் பயன் குறைவு. மரியாதையை விடாமலே அவசரத்தைச் சொல்லும் வாக்கியங்கள் தேவை. 'அண்ணே, தட்டு சுடுது. நாங்க நாலு பேரும் வெளிய வந்துட்டோம். நீங்க வந்து பாக்குறவரைக்கும் யாரும் உள்ள போகல' என்பது அப்படிப்பட்டது. கண்டது என்ன, செய்தது என்ன, கேட்பவர் செய்யவேண்டியது என்ன என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. யார்மீதும் குற்றம் இல்லை. வெளியே வந்தது முதலில், அறிவிப்பது பிறகு என்ற வரிசையும் சரியாக இருக்கிறது. இதை ஒருமுறை கேட்பதால் வாயில் படியாது. ஒருவர் போர்மேனாகவும் ஒருவர் தொழிலாளியாகவும் நடித்து, பலமுறை சொல்லிப் பழகினால்தான் பதற்றத்தில் வாய்க்கு வரும்.

வேலை கைமாறும் நேரத்துப் பேச்சும் இதே அளவு முக்கியம். மீதி மருந்து எவ்வளவு, எங்கே வைத்திருக்கிறது, எந்தத் தட்டு ஈரம் பட்டது, எந்தக் கதவு சரியாகத் திறக்கவில்லை என்று மாலையில் போகிறவர் சொல்லவேண்டும். மறுநாள் அந்த அறைக்கு வேறு ஆட்கள் வரக்கூடும். சொன்னதைக் கேட்டவர் திருப்பிச் சொல்லி உறுதிசெய்வது நல்ல பழக்கம். அண்மை ஆண்டுகளில் வடமாநிலத் தொழிலாளர்களும் இவ்வட்டாரத்துக்கு வேலைக்கு வருகிறார்கள். 'வெளியே ஓடு' என்பதைத் தமிழறியாதவருக்கும் புரியும்படி சொல்லத் தெரிந்திருப்பது, சைகையாலோ மணியாலோ ஆகட்டும், அந்த ஆலையின் குழுத்திறனில் ஒன்று.

முதலிப்பட்டி விபத்தில் இன்னொரு கூறும் உண்டு. இறந்தவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்கள் அல்லர். முதல் தீயைக் கண்டு உதவவும் பார்க்கவும் ஓடிவந்த அக்கம்பக்கத்தவர், அடுத்தடுத்து நடந்த வெடிப்புகளில் சிக்கினர். கூட்டத்தை அதட்டித் தடுத்து நிறுத்தும் ஒரு குரல், எங்கே நிற்கவேண்டும் என்று முன்பே ஊரோடு பேசி வைத்திருக்கும் ஓர் ஏற்பாடு ஆகியவை ஆலையின் சுற்றுச்சுவருக்கு வெளியேயும் தேவை என்பதை அந்த நாள் காட்டியது.

வானூர்தியும் அறுவை அரங்கும்

தெரிந்தவர் சொல்லாமல் விடுவதும், சொன்னதை மேலிருப்பவர் கேளாமல் விடுவதும் சிவகாசிக்கு மட்டும் உரியவை அல்ல. 1977 மார்ச் 27 அன்று கானரித் தீவுகளில் உள்ள டெனரீப் வானூர்தி நிலைய ஓடுபாதையில் இரண்டு பெரிய பயணிகள் வானூர்திகள் மோதி 583 பேர் இறந்தனர். மூடுபனியில் புறப்பட முனைந்த வானூர்தியின் பொறியாளர், எதிரே இருக்கும் வானூர்தி ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று ஐயத்தோடு கேட்டார். தலைமை விமானி மூத்தவர், பெயர்பெற்றவர். விலகிவிட்டது என்று உறுதியாகச் சொன்னார். அதன்பிறகு யாரும் வற்புறுத்தவில்லை.

அடுத்த ஆண்டு, 1978 டிசம்பர் 28 அன்று, அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகருக்கு அருகே ஒரு வானூர்தி எரிபொருள் தீர்ந்து விழுந்தது. பத்துப் பேர் இறந்தனர். தரையிறங்கு சக்கரக் கோளாற்றில் விமானி மூழ்கியிருந்தபோது, எரிபொருள் குறைவதை உடனிருந்தவர்கள் குறிப்பிட்டார்கள். அவர் மனத்தில் பதியும்படி சொல்லவில்லை. இவற்றுக்குப் பிறகு, 1979-இல் நாசா நடத்திய பயிலரங்கிலிருந்து விமானக் குழுவினருக்கான பேச்சுப் பயிற்சி முறை ஒன்று உருவாயிற்று. இளையவர் எப்படி ஐயத்தைப் படிப்படியாக அழுத்திச் சொல்வது என்பதோடு, மூத்தவர் அதை எப்படி வரவேற்பது என்பதும் அதில் சரிபாதியாகக் கற்பிக்கப்படுகிறது.

மருத்துவத்தில் உலக சுகாதார நிறுவனம் 2008-இல் அறுவைச் சிகிச்சைக்கான சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. கத்தியை வைக்குமுன் அரங்கில் உள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் சொல்வது அதில் ஒரு படி. பெயர் சொல்லி ஒருமுறை வாய் திறந்தவர் பிறகு தவறு கண்டால் வாய் திறப்பது எளிது என்பதே அதன் கருத்து. புது டெல்லி உள்ளிட்ட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இப்பட்டியலைப் பயன்படுத்திப் பார்த்தபோது அறுவைக்குப் பிந்தைய இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகக் குறைந்தது என்று 2009-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரு தாள், இரண்டு மூன்று நிமிடப் பேச்சு, அவ்வளவுதான் செலவு. காலையில் வேனிலிருந்து இறங்கியதும் ஓர் அறைக்குப் போகும் நால்வர் அதே இரண்டு நிமிடத்தைச் செலவிடுவதற்குப் பட்டாசு ஆலையிலும் தடை ஏதுமில்லை.

போர்மேன்

பட்டாசு ஆலையில் மென்திறன் மிகுதியாகத் தேவைப்படும் ஆள் போர்மேன். மருந்தின் அளவு, கலக்கும் முறை, எந்த அறையில் எத்தனை பேர் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. மேலே முதலாளி அல்லது மேலாளர் சரக்கைக் கேட்பார். கீழே தொழிலாளிகள் கூலியைக் கேட்பார்கள். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் இரு பக்கமும் ஒரே திசையில் தள்ளும்: இன்னும் வேகமாக, இன்னும் கொஞ்சம் அதிகமாக. இல்லை என்று சொல்லவேண்டியவர் அவர் ஒருவரே.

போர்மேன்களுக்கும் மேற்பார்வையாளர்களுக்கும் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் சிவகாசியில் பயிற்சி அளித்து வருகிறது. மருந்துகளின் தன்மை, தீயணைப்பு, விதிகள் ஆகியவை பாதுகாப்புப் பயிற்சியில் இன்றியமையாத பாடங்கள். அவற்றோடு, எச்சரிக்கை சொல்ல வந்தவரை எப்படி எதிர்கொள்வது என்ற பாடமும் வேண்டும். சூடாயிருக்கிறது என்று ஓடிவந்த பெண்ணிடம், பார்த்தபின் ஒன்றுமில்லை என்றே தெரிந்தாலும், 'நல்லவேள வந்து சொன்னீங்க, இனியும் இப்படித்தான் சொல்லணும்' என்று நாலு பேர் கேட்கச் சொல்லும் போர்மேனின் ஆலையில் அடுத்த எச்சரிக்கை விரைவில் வரும். 'இதுக்குப் போயா வேலையைக் கெடுத்த' என்று சொன்னவருக்கு அடுத்த எச்சரிக்கை வராது. அவருக்குத் தாம் இழந்தது என்னவென்று தெரியவும் வழியில்லை.

கேட்கும் கலைக்கு விருதுநகரிலேயே பெயர்பெற்ற சான்று உண்டு. 1903-இல் அவ்வூரில் பிறந்து 1954 முதல் 1963 வரை தமிழ்நாட்டின் முதலமைச்சராக இருந்த காமராசர் பள்ளிப்படிப்பு குறைவானவர், மேடையில் அலங்காரமாகப் பேசாதவர். கோரிக்கையோடு வந்தவரை முழுதும் பேசவிட்டு, குறைவான சொற்களில் பதில் சொல்வது அவர் வழக்கம். 'ஆகட்டும், பார்க்கலாம்' என்ற அவரது விடை ஊரறிந்தது. இன்றைய நேர்முகத் தேர்வுப் பயிற்சி வகுப்பில் அவர் எத்தனை மதிப்பெண் வாங்கியிருப்பார் என்பது ஐயமே.

சட்டம் தரும் இடம்

1984 டிசம்பரில் போபால் நச்சுவாயு விபத்து நடந்தபின், தொழிற்சாலைகள் சட்டம் (1948) 1987-இல் திருத்தப்பட்டது. ஆபத்தான செயல்முறைகளுக்கென்று ஒரு புதிய இயல் சேர்ந்தது. அதில் 41-ஜி பிரிவு, தொழிலாளர் தரப்பும் நிர்வாகத் தரப்பும் சம எண்ணிக்கையில் உள்ள பாதுகாப்புக் குழுவை அமைக்கச் சொன்னது. 41-எச் பிரிவு, உடனடி ஆபத்து என்று நியாயமாக அஞ்சும் தொழிலாளி அதை நிர்வாகத்திடமும், அதே நேரத்தில் தொழிற்சாலை ஆய்வாளரிடமும் தெரிவிக்கலாம் என்றது. நிர்வாகம் உடனே நடவடிக்கை எடுத்து ஆய்வாளருக்கு அறிக்கை அனுப்பவேண்டும். 2020-இல் நிறைவேறி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிநிலைமைகள் சட்டத்தொகுப்பு இவ்வுரிமையைப் பொதுவாக எல்லா நிறுவனங்களின் ஊழியர்களுக்கும் உரியதாகச் சொல்கிறது.

ஆக, எச்சரிக்கை சொல்வது பணிவுக் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. அது சட்டம் தந்த உரிமை. ஆனால் தாளில் உள்ள உரிமையைப் பயன்படுத்த, குழுக் கூட்டத்தில் எழுந்து தம் அறையின் நிலையைச் சொல்லவும், சொன்னது குறிப்பேட்டில் ஏறியதா என்று கேட்கவும், அதைப் படித்துப் பார்க்கவும் தெரிந்திருக்கவேண்டும். இந்த வட்டாரத்தில் நடுவயதைக் கடந்த தொழிலாளர்கள் பலர் சிறுவயதிலேயே தீப்பெட்டி, பட்டாசு வேலைக்கு வந்தவர்கள். சிவகாசியின் குழந்தைத் தொழிலாளர் நிலை பற்றி எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று அளித்த தீர்ப்பு, நாடு முழுவதற்குமான வழிகாட்டுதல்களை வகுத்தது. அதற்கு முன் வேலைக்கு வந்த தலைமுறைக்குப் பள்ளிக்கூடமும் இல்லை, கேள்வி கேட்கும் பழக்கமும் இல்லை. சொன்னதைச் செய்வதுதான் அவர்கள் எட்டு, பத்து வயதில் கற்ற பாடம். அவர்களிடம் ஐம்பது வயதில் 'ஏன் வாய் திறக்கவில்லை' என்று கேட்பது எளிது.

பயிற்சியின் எல்லை

மென்திறன் பயிற்சி எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று கருதுவது தவறு. பட்டாசுத் தொழிலில் பல வேலைகளுக்கு எண்ணிக்கைக் கணக்கில் கூலி. எத்தனை செய்தோமோ அத்தனைக்குக் காசு. அந்த முறையில் ஐந்து நிமிடம் அறையை விட்டு வெளியே நிற்பது ஐந்து நிமிடக் கூலியை இழப்பது. எச்சரிக்கைக்காக வேலை நின்ற நேரத்துக்கும் கூலி உண்டு என்று நிர்வாகம் முன்கூட்டியே அறிவித்தால், ஒரு நாள் பயிற்சி வகுப்பைவிட அது அதிகம் பேச வைக்கும். முன்பணம் வாங்கிய தொழிலாளியின் வாய் எளிதில் திறக்காது என்பதும் இதோடு சேர்ந்தது.

இரண்டாவது தடை உள்குத்தகை. உரிமம் பெற்றவர் ஆலையின் அறைகளைப் பலருக்குப் பிரித்துக் குத்தகைக்கு விடுவது விதிமீறல். அச்சங்குளம் விபத்துக்குப் பின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து எடுத்த வழக்கில் இந்தப் பழக்கம் முக்கியமாகப் பேசப்பட்டது. உள்குத்தகை ஆலையில் நான்கு அறைக்கு ஒரு முதலாளி. ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஆட்கள். பக்கத்து அறையில் அளவுக்கு மேல் மருந்து இருப்பதைக் காணும் தொழிலாளி யாரிடம் சொல்வார்? சொல்லவேண்டிய ஆளே இல்லாத இடத்தில் சொல்லும் திறன் பயன்படாது. வீடுகளில் அனுமதியின்றிக் கருந்திரி செய்யும் இடங்களின் நிலை இதைவிட மோசம்.

விபத்தின் பொறுப்பை இறந்தவர்மேல் ஏற்றுவதற்கு மென்திறன் என்ற சொல் வசதியாகிவிடக்கூடாது என்பதாலும் இந்த எல்லையைச் சொல்லவேண்டியிருக்கிறது. அறையில் நாலு பேருக்குப் பதில் எட்டுப் பேரை உட்காரவைத்த பின், எட்டாவது ஆள் துணிந்து பேசியிருக்கவேண்டும் என்பது நியாயமாகாது.

பசுமைப் பட்டாசு, அச்சகம், வணிகம்

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசு வழக்கில் அளித்த தீர்ப்பு, பேரியம் உப்புகளையும் சரவெடியையும் தடைசெய்து, மாசு குறைந்த பசுமைப் பட்டாசை மட்டும் அனுமதித்தது. கம்பி மத்தாப்பு முதல் பல ரகங்களில் பேரியம் நைட்ரேட் பல்லாண்டுகளாகப் புழங்கிய பொருள். தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமான நீரி வகுத்த புதிய கலவைகளுக்குத் தொழில் மாறவேண்டியதாயிற்று. பழைய மருந்தில் முப்பது ஆண்டு பழகிய கை, புதிய மருந்தின் குணத்தைத் தானாக அறியாது. ஆய்வகத்தில் தெரிந்ததைப் போர்மேன் புரிந்துகொண்டு, படிப்பு குறைந்தவருக்கும் விளங்கும் பேச்சில் சொல்லியாகவேண்டும். அறையில் கண்ட புதுமையைத் தொழிலாளி மேலே சொல்லியாகவேண்டும். 'எங்களுக்குத் தெரியாததா' என்ற ஒரு வாக்கியம் இந்த இரு வழிகளையும் அடைத்துவிடும். சரவெடி பின்னும் வேலையை மட்டுமே அறிந்தவர்களுக்கு அந்தத் தீர்ப்பு வேலை இழப்பாகவே வந்தது. புதிய வேலை கற்கும் மனநிலை என்று எளிதாகச் சொல்லப்படுவது அவர்களுக்கு அவ்வளவு எளிதாக இருக்கவில்லை.

அச்சுத் தொழிலில் உயிர் ஆபத்து இல்லை. பண இழப்பு உண்டு. சிவகாசியின் அச்சகங்கள் நாட்காட்டிகளையும் நாட்குறிப்புகளையும் லேபிள்களையும் பல இந்திய மொழிகளில் அச்சிடுகின்றன. தமக்குத் தெரியாத எழுத்தில் உள்ள மெய்ப்பை வாடிக்கையாளரோடு ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பது, வண்ணம் பிசகினால் ஓட்டத்தை நிறுத்திச் சொல்வது ஆகியவை அங்கே நாள்தோறும் தேவைப்படுகின்றன. விருதுநகரின் பருப்பு, எண்ணெய், வற்றல் வணிகத்தில் கடையில் சேர்ந்த பையன் எடைபோடக் கற்பதற்கு முன் வந்தவரை வரவேற்கக் கற்பான். வணிகத் தெருக்களில் இத்திறன்கள் பெயரில்லாமலே தலைமுறையாகக் கைமாறி வந்துள்ளன.

கல்லூரிகளும் 'நான் முதல்வன்' திட்டமும்

தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம், கல்லூரி மாணவர்களுக்குத் தொழில் திறனோடு பேச்சுத்திறன், ஆங்கிலம், நேர்முகத் தேர்வுப் பயிற்சி ஆகியவற்றையும் அளிக்கிறது. விருதுநகரின் செந்திக்குமார நாடார் கல்லூரி 1947-லும், சிவகாசியின் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி 1963-லும் தொடங்கப்பட்டவை. இவை போன்ற கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகளில் பலரின் தாயோ தந்தையோ பட்டாசு, தீப்பெட்டி, அச்சு வேலைக்குப் போகிறவர்கள். பயிற்சி வகுப்பில் இவர்களுக்குச் சென்னை, பெங்களூர் அலுவலகங்களை மனத்தில் வைத்த எடுத்துக்காட்டுகளே பெரும்பாலும் சொல்லப்படுகின்றன: வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் எழுதுவது எப்படி, குழு விவாதத்தில் குறுக்கிடாமல் பேசுவது எப்படி.

அவற்றுக்கும் தேவை இருக்கிறது. அதே மாணவரை வீட்டில் அம்மாவிடம், இன்று அறையில் எத்தனை பேர் இருந்தீர்கள், மீதி மருந்தை என்ன செய்தீர்கள், மாலையில் யாரிடம் சொல்லிவிட்டு வந்தீர்கள் என்று கேட்டு எழுதிவரச் சொன்னால், குழுவாக வேலை செய்தல் என்ற பாடத்துக்கு இதைவிடப் பக்கத்தில் ஓர் எடுத்துக்காட்டு கிடைக்காது. அம்மாவுக்கும் அந்தக் கேள்வியை யாரோ ஒருவர் கேட்டது போலாகும். காலை வேன் வருவதற்கு இன்னும் சில மணி நேரம் இருக்கும்.